எந்த வழியாக வருவார் தம்பி?

விமானமா, கப்பலா, ரயிலா? இலங்கை மலையகத் தமிழர்கள் எந்த வழியில், எந்த வருடம் இந்தியாவுக்குள் வந்தார்கள் என்பதே அவர்கள் எந்த நாட்டவர் என்பதையும் தீர்மானித்தது. சக்குபள்ளத்தில் ஒரு குடும்பம் மீண்டும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

செல்லார்கோவில் முனையில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கிறது. தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், வெயிலில் மின்னும் தகரக் கூரைகள். நிற்கிற இடம் கேரளம், இடுக்கி மாவட்டம், சக்குபள்ளம் பஞ்சாயத்து. பார்க்கிற இடம் தமிழ்நாடு. தினமும் காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு கம்பம் பக்கத்திலிருந்து ஜீப்புகள் மலையேறி வருகின்றன. சாயங்காலம் இறங்கிப் போகின்றன. நீ எந்த நாடு என்று யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

இங்கே ஏலக்காய் எடுத்தே முதுகு வளைந்த ஒரு பாட்டியிடம் அந்தக் கேள்வி வாழ்நாளில் பல முறை கேட்கப்பட்டிருக்கிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1974-ல் கணவரோடு கப்பலில் வந்து இறங்கினார். இன்றும் ரயிலை அவர் கோச்சி என்றுதான் சொல்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் சிலோன் பாட்டி. கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேரு எழுதுனா மறுபடியும் யாராவது பாரத்தை நீட்டுவாங்க" என்று சிரிக்கிறார்.

வீட்டில் இப்போது ஒரே பேச்சு: தம்பி வருகிறார். அக்கா கப்பலேறியபோது பத்து வயதுப் பையன். இப்போது அறுபது. அவர் எந்த வழியாக வருவது என்பதில்தான் மூன்று தலைமுறைக்கும் மூன்று கட்சி. குமுளியில் ஜீப் ஓட்டும் பேரன் விமானக் கட்சி. கொழும்பில் ஏறினால் மதுரையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து தேனி, கம்பம், குமுளி என்று அரை நாளில் வீடு. மகன் கப்பல் கட்சி. மாமாவுக்கு விமானம் என்றால் பயம், சாமான் வேறு கொண்டுவருவார். யாழ்ப்பாணம் போய் காங்கேசன்துறையில் கப்பலேறினால் நாகப்பட்டினம், அங்கிருந்து ரயில் என்கிறார். பாட்டி இரண்டையும் கேட்டுவிட்டு, "தலைமன்னாருல ஏறுனா ராமேஸ்வரம். எறங்குனா கோச்சி நிக்கும். அதை விட்டுட்டு எதுக்கு ஊரைச் சுத்துறீங்க?" என்கிறார்.

அந்த வழி 1984-ல் மூடப்பட்டது பாட்டிக்குத் தெரியாததல்ல. தம்பியை அந்தக் கரையிலேயே நிறுத்தியது அந்த மூடல்தான்.

பாட்டி சொல்லும் வழிக்கு வயது நூற்றுக்கு மேல். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு கோட்டை என்று ஒரே பயணமாகக் கோர்த்தார்கள். போட் மெயில் என்ற பெயர் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டைத்தான் காணோம். அதற்கு முன்பு அந்த வண்டி தூத்துக்குடிக்குப் போனது. கொழும்புக்குக் கப்பல் அங்கிருந்து.

ஒரே ரயில், ஒரே கப்பல் என்றாலும் பயணிகள் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. வியாபாரியும் வக்கீலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். தோட்டக் கூலிகள் முதலில் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலரா, பெரியம்மை இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்து, அம்மை குத்தி, எந்தத் தோட்டத்துக்கு யார் என்று எண் போட்டு அனுப்பினார்கள். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு ரயிலே கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பாதையின் நினைவாக, மலையகத் தமிழரின் இருநூறாம் ஆண்டான 2023-ல், அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள்.

அந்த நாட்டில் தலைமுறைகள் கழிந்த பிறகு, சுதந்திர இலங்கையின் 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சொத்துப் பிரிவினையில்கூட வெண்கலப் பானை யாருக்கு என்று வீட்டாரைக் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் மை காய்ந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணி ரயிலைக் கடல் கொண்டுபோனது. லட்சக்கணக்கானவர்களை அழைத்துவரப் போவதாகச் சொன்ன வழியின் இந்தியப் பக்கத்து வாசலே இல்லாமல் போனது. பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பல் விட்டார்கள்.

அரசாங்கப் பாஷையில் இப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்தச் சொல் எனக்கு எப்போதும் உறுத்துகிறது. திரும்புவதென்றால் முதலில் இங்கிருந்து போயிருக்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இந்தியா என்பது தாத்தா சொன்ன கதை. பார்த்தே இராத ஒரு பெரிய அந்நிய நாடு. "எங்க அப்பாயி ஊரு திருச்சிப் பக்கம்னு சொல்லும். திருச்சி எம்மாம் பெருசு, அதுல பக்கம்னா எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார் பாட்டி.

வழியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே அப்போது எழவில்லை. விமானம் இருந்தது. 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்துவிட்டது. அது வேறு ஆட்களுக்கு. தோட்டத்து ஜனங்களுக்குக் கோச்சியும் கப்பலும்தான். ஹட்டனில் ஏறி, பொல்காவலையில் வடக்குப் பாதைக்குத் திரும்பி, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று போய் தலைமன்னார் துறையில் இறங்க வேண்டும். ஹட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. பாட்டிக்கு அழுகையைவிட வேறொன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது: அம்மா கொடுத்தனுப்பிய அம்மிக்குழவி. அம்மி கனம் என்பதால் குழவி மட்டும். "கப்பல்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. பிளேன்ல விடுவானா?" அந்தக் குழவி இன்னும் அடுப்படியில் கிடக்கிறது. அதற்கு ஜோடி கம்பம் சந்தையில் வாங்கியது.

கப்பலின் பெயர் ராமானுஜம். ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவை அம்மை குத்தி அந்தப் பக்கம் அனுப்பிய அதே மண்டபம், பேத்தியைப் பேர் பதிந்து இந்தப் பக்கம் அனுப்பியது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கேரளத்தில் புனலூர் பக்கம் ரப்பர், கர்நாடகத்தில் சுள்ளியா, நிக்கோபாரில் கச்சால் தீவு, தமிழ்நாட்டு நூற்பாலைகள் என்று ஆட்கள் பிரிக்கப்பட்டார்கள். பலருக்கு வியாபாரக் கடன் என்ற பெயரில் ஒரு தொகை. கொழுந்து பறிக்க மட்டும் தெரிந்தவர்கள் சமவெளியில் என்ன வியாபாரம் செய்வார்கள்? பாட்டியின் கணவர் வைத்த பெட்டிக்கடை எட்டு மாதம் ஓடியது. பிறகு மலை தேடி நடந்து, கம்பம் வழியாகச் சக்குபள்ளம் ஏறினார்கள். "குளிரு அடிச்சதும் வீட்டுக்கு வந்தாப்புல இருந்துச்சு" என்கிறார்.

அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட். உடனே ஏன் புறப்படவில்லை? பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். மலையகத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் காத்திருந்தன. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. போர் வந்தது. 1984-ல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நின்றுபோனவர்கள் சுமார் 84,000 பேர்.

விமானங்கள் அப்போதும் கொழும்பிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒப்பந்தத்தின் வழி கப்பல் வழி. ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் முழுக்க ஏற்றிக்கொண்டு, அரசாங்கக் கணக்கில் வந்து சேரும் வழி. அது நின்றதும் ஒப்பந்தமும் படுத்துவிட்டது. நாலரை லட்சம் பேர் அளவுக்கு, பின்னால் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, இந்தியாவுக்கு வந்த கணக்கு அதோடு முடிந்தது. நின்றுபோனவர்கள் இந்தியர்களும் இல்லாமல் இலங்கையர்களும் இல்லாமல் இருந்து, கடைசியில் 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் இலங்கைக் குடிமக்கள் ஆனார்கள். தம்பியும் அப்படித்தான் ஆனார். இரண்டு தேசங்களும் இரண்டு பிரதமர்களும் போட்ட கணக்கைக் கடைசியில் ஒரு கப்பல் போக்குவரத்து மாற்றி எழுதியது.

கதை இதோடு நிற்கவில்லை. கப்பல் நின்ற பிறகும் ஆட்கள் வந்தார்கள், மீன்பிடிப் படகுகளில், இரவில். அரிச்சல்முனை மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். அப்படி வந்தவர்களில் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியாக்காரர்கள் மட்டுமல்ல. கலவரத்துக்குப் பயந்து வடக்கே போய்க் குடியேறியிருந்த மலையகத் தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். கப்பலில் வந்த பாட்டியின் கூட்டத்தாரே அவர்கள். அதே கடல், அதே மண்டபம் முகாம். ஆனால் கப்பலில் வந்தவர் கையில் பாஸ்போர்ட் இருந்தது, அவர் குடிமகன். படகில் வந்தவர் கையில் ஒன்றுமில்லை, அவர் அகதி. 2003-ல் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் பதிவு மூலமோ, நெடுநாள் வசித்ததன் மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. 2019-ம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளின் சிறுபான்மையினருக்கு இதிலிருந்து விலக்குத் தந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை.

அதே 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பளித்தார். வழக்குப் போட்ட 65 பேரும் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள், ஆண்டாண்டுகளாக முகாம்வாசிகள். அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு அதைப் பரிசீலிக்கட்டும் என்றது தீர்ப்பு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற விதியைக் காட்டி 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு வழி செய்துகொண்டார். 2024 தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அவருடைய பிள்ளைகளின் தலைமுறைக்கு அந்த விதி இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போனது. குடியுரிமை வரவில்லை.

திரும்பிப் போகிறவர்களுக்கும் வழி ஒரு பிரச்சினைதான். ஐ.நா. அகதிகள் ஆணையம் விருப்பப்பட்டவர்களை விமானத்தில் அனுப்பி வந்தது. முப்பது வருடக் குடித்தனத்தை விமானம் அனுமதிக்கும் மூட்டைக்குள் எப்படிக் கட்டுவது? 2011-ல் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் சில மாதங்கள் ஓடியபோது, அக்டோபரில் முதல் தடவையாக ஒரு குழுவைக் கடல் வழியே அனுப்பினார்கள். பாத்திரம் பண்டம், சைக்கிள் என்று எடுத்துப்போகலாம் என்பதே அதன் கவர்ச்சி. நவம்பரில் அந்தக் கப்பலும் நின்றது. 2025 மே மாதம், எழுபது வயது தாண்டிய ஒரு முதியவர் இந்திய முகாமிலிருந்து முறைப்படி விமானத்தில் பலாலிக்குப் போய் இறங்கினார். வருடங்களுக்கு முன் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனாய் என்று அங்கே கைது செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் விட்டார்கள். படகில் போனவன் விமானத்தில் திரும்பினாலும் படகுக்காரன்தான் போலிருக்கிறது.

சக்குபள்ளத்துத் தம்பிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவர் கையில் இலங்கைப் பாஸ்போர்ட் இருக்கிறது. விசா எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வழிகளும் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. கொழும்பிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி என்று விமானங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அங்கிருந்து சென்னைக்கும், 2025 மார்ச் முதல் திருச்சிக்கும் சிறிய விமானங்கள் பறந்தன. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று கோலாகலமாகத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் அமைதியாக இருந்தால் நாலு மணி நேரப் பயணம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் அமைதியாக இராது. மழைக்காலத்தில் இந்தக் கப்பலை நம்பித் தேதி குறிப்பது புத்திசாலித்தனமல்ல என்பது என் அபிப்பிராயம்.

மலையகத்திலிருந்து வருகிறவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கொழும்பு விமான நிலையம் பக்கம். காங்கேசன்துறையோ தீவின் அடுத்த முனை. கப்பல் மலிவு என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சரி. ஹட்டன்காரர் வடக்கே போய், ஓர் இரவு தங்கி, கடல் கடந்து, நாகையிலிருந்து தேனி வந்து சேர்வதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். அறுபது வயதுக்காரர், தனியாக வருகிறவர், பெரிய மூட்டை இல்லாதவர் என்றால் பேரன் கட்சிதான் ஜெயிக்கும். மூட்டை இருந்தால் மகன் கட்சி.

பாட்டியின் வழியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. போரில் பிய்த்தெறியப்பட்ட தலைமன்னார் ரயில் பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14 அன்று பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடியசைத்தார். இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. அங்கே தண்டவாளம் கடலோரம் வரை வந்து நிற்கிறது. இங்கேயும் அப்படியே. நடுவே முப்பது சொச்சம் கிலோமீட்டர் தண்ணீர். 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக டெல்லி வந்தபோது வெளியிட்ட கூட்டறிக்கையில் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலைச் சீக்கிரம் தொடங்குவது பற்றி ஒரு வரி இருந்தது. பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினேன். "எந்த மாசம்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். போடவில்லை.

அன்று சாயங்காலம் விசா விண்ணப்பத்தைப் பேத்தி லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தாள். தாத்தா போனில் வீடியோ அழைப்பில் இருந்தார். அவர் பின்னால் ஒரு லயத்துச் சுவர், சாமி படம். இவள் கேள்வியைத் தமிழாக்கிச் சொல்ல, அவர் பதில் சொல்கிறார். பெயர், பிறந்த இடம், தொழில் வரை சரளமாகப் போனது. குடியுரிமை பிறப்பால் வந்ததா, பிற்பாடு பெற்றதா?

போனில் சத்தமில்லை.

"பொறந்தது இங்கதான். ஆனா சிட்டிசன் ஆனது அப்புறம்தானே" என்றார் தம்பி. பிற்பாடு பெற்றது என்பதை அழுத்தியதும் அடுத்த கட்டம் திறந்தது. இதற்கு முன் எந்த நாட்டவர்?

"இண்டியன்னு போடும்மா. பாஸ்போர்ட் இருந்துச்சே" என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துவந்து கேமராவுக்கு நேரே பிடித்தார். அட்டை கிழிந்த ஒரு பழைய இந்தியப் பாஸ்போர்ட். முத்திரை எதுவும் விழாத பக்கங்கள். இந்தியாவுக்குள் வர இந்தியாவிடம் அனுமதி கேட்கும் தாளில், முன்பு இந்தியன் என்று எழுதினால் கூடுதல் கேள்வி வருமா என்று பேத்தி என்னைக் கேட்டாள். உண்மையை எழுது என்றேன். அவள் தட்டச்சு செய்தாள்.

அடுத்த கேள்வி, இந்தியாவில் எந்தத் துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக நுழைகிறீர்கள்?

பேரன் மதுரை என்றான். மகன் நாகப்பட்டினம் என்றார். பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவன்கிட்ட கேளுங்க, கொழவிக்கு அந்த அம்மி இன்னும் அங்க இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றார் தம்பி.

பேத்தி அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று தேட ஆரம்பித்தாள்.